தம்பிக்கு முதல் முதலா வெளிநாட்டு செஸ் டோர்னமென்ட், போய் வந்த ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க

களுவாஞ்சி_அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். எங்கட தம்பிக்கு 13 வயசு, தரம் 8 படிக்கான், செஸ் எண்டா அவனுக்கு சாப்பாடும் வேணா நித்திரையும் வேணா. பாடசாலை போட்டி, கல்முனை அக்கரைப்பற்று பக்கம் நடக்கிற ஒருநாள் ரெப்பிட் போட்டி எண்டு எல்லாத்துக்கும் போய் கப் எடுத்து, அலுமாரிக்கு மேல வைக்க இடமில்லாம கிடக்கு. கொழும்புல போய் விளையாடி ஃபிடே (உலக செஸ் சம்மேளனம்) குடுக்கிற ரேட்டிங்கும், அதான் பலத்தக் காட்டுற புள்ளி, எடுத்திட்டான், 1400 சொச்சம். இப்ப அவன்ட கோச் சேர் சொல்றார் வாற லீவுக்கு சென்னையில ஒரு இன்டர்நேஷனல் ஓபன் இரிக்கி, ஒன்பது ரவுண்ட், கட்டாயம் கொண்டு போங்க எண்டு.

அப்பாக்கு கடைய விட்டுட்டு வர ஏலா, அம்மாக்கு பிளேன் எண்டாலே பயம், அதால நான்தான் கூட்டிட்டு போற மாதிரி இரிக்கி. எனக்கு செஸ்ஸில குதிரை எப்பிடி பாயுற எண்டு மட்டும்தான் தெரியும், அதுவும் அவன் சொல்லித் தந்தது. சேர்ட்ட கேட்டா "அது ஒண்டுமில்ல, போய் விளையாடட்டும்" எண்டுறார். எனக்கு அது காணா.

கேக்கிறது என்னெண்டா, அங்க வாற பிள்ளைகள் எவ்வளவு பலம்? எல்லாத்துலயும் தோத்தா இவன்ட ரேட்டிங் என்னாகும்? கொழும்புல ஒரு கேம் தோத்ததுக்கே கோட்டைல ரயில் ஏறினதில இருந்து மட்டக்களப்பு வந்து சேரும் மட்டும் கதைக்காம வந்தவன் இவன். எங்கட ஊர் போட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், எப்பிடி ரெடி பண்ற? சின்ன வயசுல போய் விளையாடின ஆக்கள் ஆரும் இரிந்தா சொல்லுங்க, பெரிய புண்ணியமாப் போகும்.

---

வாவிக்கரை_குதிரை:

அக்கா, நான் ஊறணி பக்கம், இப்ப கம்பஸ்ல. எனக்கு 14 வயசுல தமிழ்நாட்டுல ஒரு ஓபன் விளையாடக் கிடைச்சது, அதால உங்கட தம்பிட நிலம எனக்கு வடிவா விளங்குது. கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலாவது ரவுண்ட பாத்து பயப்பட வேணா. சுவிஸ் முறை எண்டா தோத்தாலும் ஆரும் வெளியேறாம, ஒரே புள்ளிக்காரர் தங்களுக்குள்ள விளையாடுற முறை, அதுல முதல் ரவுண்டுல எல்லாரையும் ரேட்டிங் படி வரிசைப்படுத்தி நடுவால பிரிச்சு, மேல்பாதில முதலாவது ஆளுக்கு கீழ்பாதில முதலாவது ஆள் எண்டு போடுவாங்க. 1400 காரனுக்கு கட்டாயம் ஒரு பெரிய ஆள்தான் விழும். எனக்கு விழுந்தவர் டைட்டில், அதான் மாஸ்டர் பட்டம், உள்ள ஆள், 28 மூவ்ல முடிச்சிட்டு சிரிச்சு கைதந்திட்டு போனார். அது எனக்கு பெரிய தாக்கமா இரிக்கல்ல. ரெண்டாவது ரவுண்ட்தான். சைபர் புள்ளிக்காரர் எல்லாரையும் தங்களுக்குள்ள விடுவாங்க தானே, எனக்கு முன்னால வந்து இருந்தது ஒரு ஒன்பது பத்து வயசு பிள்ள, கதிரைல கால் நிலத்துல முட்டாது, ரேட்டிங் இல்ல. சிசிலியன் எண்ட ஓபினிங்ல (கேம் தொடக்க மூவ் வரிசை) பதினைஞ்சு மூவ் மட்டும் யோசிக்காம போடுது, அதுக்குப் பிறகு ஒரு மூவுக்கு இருவது நிமிஷம் அசையாம இருந்து யோசிக்குது. அந்த இருவது நிமிஷம்தான் அக்கா வித்தியாசம்.

எங்கட பக்கம் பெரும்பாலும் நடக்கிறது பத்து நிமிஷம் பதினைஞ்சு நிமிஷம் போட்டி, ஒரு நாளைல ஏழு ரவுண்ட், மத்தியானம் சோத்துப் பார்சல், பின்னேரம் கப், வீட்ட போற. அதுல கெட்டிக்காரன் எண்டா கை கெதியானவன். அங்க பொதுவா ஒரு ஆளுக்கு 90 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 30 செக்கன் கூடும். ஒரு கேம் 60 மூவ் போனா ஒரு ஆளுக்கு ரெண்டு மணித்தியாலம், ரெண்டு பேருக்கும் நாலு. சில நாள் ரெண்டு ரவுண்ட் வைப்பாங்க, அப்ப எட்டு மணித்தியாலம் பலகைக்கு முன்னால. எங்கட பிள்ளைகள் என்ன செய்யுறாங்க எண்டா முக்கால் மணித்தியாலத்துல கேம முடிச்சிட்டு வெளிய வாறாங்க, தோத்துட்டு, க்ளொக்ல எழுவது நிமிஷம் மிச்சம் வச்சு. நான் இத எத்தனையோ பேருல பாத்திட்டன், திறமை இல்லாமையில்ல, அவ்வளவு நேரம் என்ன செய்யுற எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல.

அதால ரெடி பண்றது எண்டா புது ஓபினிங் படிக்கிறதில்ல. இப்ப இருந்தே சனி ஞாயிறுல சேரோடயோ பெரிய அண்ணாமாரோடயோ முழு 90 நிமிஷ கேம் விளையாட விடுங்க, உண்மையான பலகைல, போன்ல இல்ல. ஸ்கிரீன்ல மேல இருந்து பாக்கிற கண்ணுக்கும் மேசைல பக்கத்தால பாக்கிற கண்ணுக்கும் சரியான வித்தியாசம் இரிக்கி, தூரத்துல நிக்கிற பிஷப் மேசைல தெரியாமப் போகும். ஒவ்வொரு மூவையும் கையால எழுதோணும். முதல் ஒரு மணித்தியாலம் முடியும் மட்டும் கைய தொடைக்கு கீழ வச்சுக்கொண்டு இரு எண்டு எங்கட சேர் எனக்கு சொல்லி இருந்தார், கேக்க பகிடியா இரிக்கும், வேலை செய்யும்.

மறுகா என்ட நாலாவது ரவுண்ட். அம்பது வயசு தாண்டின ஒரு ஐயா, சேலம் பக்கம் ஆள், வங்கில வேலை எண்டு பிறகு சொன்னார். கடைசில ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய் கூட. ஊர்ல எண்டா அந்த இடத்துல கைய குடுத்திட்டு எழும்பிருவாங்க. எங்கட சேர் ஃபிலிடோர் முறை எண்டு ஒண்டு திருப்பித் திருப்பி போட்டுக் காட்டினவர். எங்கட ராஜா அந்த சிப்பாய் வாற பாதைக்கு முன்னால நிக்கோணும், எங்கட யானை எங்கட பக்கத்துல இருந்து மூணாவது வரிசைல குறுக்கால நிண்டு அவர்ட ராஜாவ வர விடாம மறிக்கோணும், சிப்பாய் அந்த வரிசைக்கு காலடி வச்ச உடன யானை ஒரேயடியா அந்தத் தலைக்கு போய் பின்னால இருந்து செக் குடுத்துக் கொண்டே இரிக்கோணும். சிப்பாய் முன்னுக்கு வந்திட்டதால அவர்ட ராஜாக்கு ஒளிக்க இடமில்ல. அவர் எண்பது மூவ் தாண்டியும் முயற்சி பண்ணிட்டு டிரா தந்தார். வெளிய வந்து திரும்ப காய அடுக்கி எனக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார், எந்த ஊர்ப்பா எண்டார், மட்டக்களப்பு எண்டன், அது யாழ்ப்பாணத்துக்கு பக்கத்துலயா எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லிட்டன், களைப்புல வரைபடம் கீற ஏலா.

ஓபினிங் தெரியாம தோக்கிறத விட எண்ட்கேம் (காய் குறைஞ்ச கடைசிக் கட்டம்) தெரியாம தோக்கிறதுதான் அங்க கூட, ஏனெண்டா கேம் நீளம். யானை எண்ட்கேம் நாலு அஞ்சு வடிவா தெரிஞ்சா காணும்.

---

கல்முனை_காக்கா:

மேல எழுதின தம்பி நல்லா சொல்லிட்டார். நான் விளையாட்டுக்காரன் இல்ல, மகள கூட்டிக்கொண்டு திரியுற வாப்பா. அதால காசு, சாப்பாடு பத்தி சொல்றன்.

ரெண்டு விதமான போட்டி இரிக்கி. ஒண்டு வயசுப் பிரிவுல நாட்டுக்காக போறது, அதுல ஒவ்வொரு நாட்டுல இருந்தும் ஒரு பிரிவுக்கு ஒரு ஆளுக்கு தங்குமிடம் சாப்பாடு நடத்துறவங்க குடுப்பாங்க, மத்த ஆக்கள் எல்லாம் கைக்காசு, கூடப் போற ஆளுக்கும் கைக்காசு, அவங்க சொல்ற ஹோட்டல்லதான் நிக்கோணும். மற்றது உங்கட தம்பி போற மாதிரி ஓபன். இதுல ஒருத்தரும் ஒண்டும் தரமாட்டாங்க, ஆனா நீங்க விரும்பின மலிவான இடத்துல நிக்கலாம், அதால மொத்தமா பாத்தா இது சுகம். ஹோல்ல இருந்து நடந்து போற தூரத்துல ரூம் எடுங்க, காசு கொஞ்சம் கூடினாலும் பரவால்ல. ரெண்டு ரவுண்ட் உள்ள நாள்ல இடையில பிள்ள ஒரு மணித்தியாலம் படுக்கோணும், சென்னை டிராஃபிக்ல ஓட்டோக்குள்ள இருந்தா அந்த நேரம் அதோட போகும்.

கட்டுநாயக்கால மட்டும் பாக்காதீங்க, பலாலில இருந்தும் சென்னைக்கு பிளேன் இரிக்கி, எங்களுக்கு யாழ்ப்பாணம் போற தூரமும் ஒண்டுதான் கொழும்பு போற தூரமும் ஒண்டுதான் மாதிரி, ரெண்டு ரிக்கெட்டையும் விலை பாத்து எடுங்க. இந்தியாக்கு ஈ-விசா முன்கூட்டியே போடுங்க, கடைசி கிழமைக்கு விடவேணா.

சாப்பாடு. இத சின்ன விஷயம் எண்டு நினைக்காதீங்க. பிரக்ஞானந்தாட உம்மா அவர் போற நாடெல்லாம் குக்கரும் கொண்டு போய் ரசஞ்சோறு ஆக்கிக் குடுக்கிறவ எண்டு பத்திரிகையில எல்லாம் வந்த. உலகத்தர ஆளுக்கே அப்பிடி. சென்னை எண்டதால சோறு பிரச்சினையில்ல, ஆனா அங்கத்த பிரியாணியக் கண்ட உடன மத்தியானம் வயிறு முட்ட தின்ன விட்டா பின்னேர ரவுண்டுல பிள்ள பலகைக்கு முன்னால கண்ண மூடும். என்ட மகளுக்கு நான் இரவுதான் நல்லா வாங்கிக் குடுக்கிற.

வெளிநாடு போனாத்தான் இன்டர்நேஷனல் எண்டும் இல்ல. 2024 பெப்ரவரில பொதுநலவாய செஸ் சாம்பியன்ஷிப் எங்கட களுத்துறையில நடந்த, இந்தியாக்காரர் எல்லாம் திரண்டு வந்து விளையாடினாங்க. இங்கால இருந்து ராவு பஸ் ஏறினா போற தூரம். அப்பிடி ஒண்டு திரும்ப வந்தா விட்டுராதீங்க.

---

சம்மாந்துறை_01:

நான் ஒண்டு கேக்கட்டா, கோவிக்க வேணா. இவ்வளவு காச கொட்டி போய் ஒன்பது கேம்ல ரெண்டு வெல்லுறதுக்கு, அந்தக் காசுக்கு பிள்ளய நல்ல ரியூசனுக்கு விட்டா ஓஎல்லுக்கு உதவும் தானே. செஸ் விளையாடி சோறு தின்னுற ஆர் இரிக்கா எங்கட பக்கம்?

---

கல்முனை_காக்கா:

நீங்க சொல்றதுல பிழையில்ல, செஸ்ஸால சோறு வராதுதான். குகேஷ்ட அப்பா காது மூக்கு தொண்டை டாக்குத்தர், மகனோட திரியுறதுக்காக தொழிலயே நிப்பாட்டினவர், மகன் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரென வெண்டு 18 வயசுல உலக சாம்பியன் ஆகிட்டான், அதால எல்லாரும் அத கதைக்கிறோம். ஆகாம போன பிள்ளைகள்ட வாப்பாமார ஒருத்தரும் கதைக்கிறதில்ல. நான் கடையையும் நிப்பாட்டல்ல, மகள்ட ரியூசனையும் நிப்பாட்டல்ல, வருஷத்துல ஒரு போட்டி, சீட்டுக் காசு விழுந்தா மட்டும். கடன் பட்டு போகாதீங்க எண்டு மட்டும் அந்தத் தங்கச்சிக்கு நானும் சொல்லுவன். பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு கடிதம் குடுத்து பாருங்க தங்கச்சி, லண்டன் கனடாவுல இரிக்கிற ஆக்கள் ரிக்கெட் காசாவது போடுவாங்க சில நேரம்.

---

வெள்ளைக்_கட்டம்:

நான் கிழக்கு பக்கம் போட்டிகள்ல ஆபிட்டரா (நடுவரா) நிக்கிற ஆள். ரேட்டிங் கேள்விக்கும் ரூல்ஸுக்கும் நான் சொல்றன்.

ரேட்டிங் பயம் தேவையில்லாதது. 18 வயசுக்கு குறைஞ்ச பிள்ளைகளுக்கு, 2300க்கு கீழ இருக்கும் மட்டும், ஒரு கேமுக்கு ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் எண்டத தீர்மானிக்கிற கே எண்ட காரணி 40. தன்ட அளவு ரேட்டிங் உள்ள ஆளிட்ட வெண்டா 20 கூடும், தோத்தா 20 குறையும். 400 புள்ளி கூடின ஆளிட்ட தோத்தா மூணு புள்ளி மட்டுலதான் போகும், வெண்டா 36க்கு மேல வரும். முதல் ரவுண்ட் தோல்வியால ஒண்டும் உடையாது. உண்மையா குறையுறது ரேட்டிங் தன்ட அளவோ கொஞ்சம் குறைவோ உள்ள, ஆனா பலமான சின்னப் பிள்ளைகளிட்ட தோக்கக்குள்ளதான், அது தமிழ்நாட்டுல கட்டாயம் நடக்கும். 2024 மார்ச்ல ஃபிடே 2000க்கு கீழ உள்ள எல்லாருக்கும் கொஞ்சம் ஏத்தி விட்டு, ஆகக் குறைஞ்சது 1400 எண்டு வச்சது, அதுக்கு கீழ போனா ரேட்டிங் இல்லாத ஆள் ஆகிருவான். தம்பி 1400 சொச்சம் எண்டதால அதுக்கு வாய்ப்பு இரிக்கி, அத இப்பவே அவனிட்ட சொல்லி வையுங்க. அப்பிடி போனாலும் அடுத்த போட்டிகள்ல விளையாடி திரும்ப எடுக்கலாம், ஒருத்தரும் அடிச்சு துரத்த மாட்டாங்க.

ரூல்ஸ். ஊர்ல நாங்க பாத்தும் பாக்காம விடுறது எல்லாம் அங்க விடமாட்டாங்க. தொட்ட காய நகத்தியே ஆகோணும். காய் கோணலா நிண்டா தன்ட நேரத்துல "அட்ஜஸ்ட்" எண்டு சொல்லிட்டு தொடோணும், தொட்ட பிறகு சொல்லி வேலையில்ல. காய் வச்ச கையாலதான் க்ளொக்க அமத்தோணும். பிழையான மூவ் போட்டு க்ளொக்க அமத்திட்டா முதல்தரம் எதிராளிக்கு ரெண்டு நிமிஷம், ரெண்டாந்தரம் கேமே போச்சு. கோட்டை கட்டக்குள்ள (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகத்துறது) ராஜாவத்தான் முதல்ல தொடோணும், ஒரு கையால மட்டும். யானைய முதல்ல தொட்டா அந்தப் பக்கம் கட்ட ஏலா, யானையத்தான் நகத்தோணும். எங்கட பிள்ளைகள் ரெண்டு கையாலயும் படக்கெண்டு மாத்தி வைக்கிற பழக்கம் உள்ளவங்க, இத வீட்டுலயே மாத்துங்க.

மூவ போட்டுட்டுத்தான் எழுதோணும், எழுதிட்டு போட ஏலா. டிரா கேக்கிறதெண்டா மூவ வச்சு, கேட்டு, அதுக்குப் பிறகு க்ளொக்க அமத்துற. ஒருக்கா கேட்டுட்டு சும்மா சும்மா நச்சரிக்க ஏலா, எதிராளி கைய தூக்குவார். அதே நிலை மூணுதரம் வந்தா டிரா கேக்கலாம், ஆனா பிள்ள தானா ஆபிட்டர கூப்பிட்டு கேக்கோணும், அஞ்சுதரம் வந்தாத்தான் ஆபிட்டர் தானா நிப்பாட்டுவார். என்ன பிரச்சினை எண்டாலும் க்ளொக்க நிப்பாட்டி கைய தூக்கு எண்டு சொல்லிக் குடுங்க. எங்கட பிள்ளைகள் வெளிய போனா கூச்சத்துல கைய தூக்குறதில்ல, எதிராளி சொல்றதுக்கு ஓம் ஓம் எண்டு தலையாட்டிட்டு வந்து வெளிய அழுவுறாங்க. ஆபிட்டர் அவனுக்காகத்தான் அங்க நிக்கிறார்.

முடிஞ்ச உடன ரெண்டு ஸ்கோர் ஷீட்டுலயும் முடிவு சரியா எழுதி இரிக்கா எண்டு பாத்து சைன் வைக்கோணும். நேரத்துக்கு கதிரைல இருக்கோணும். சில போட்டில க்ளொக் தொடங்கின நிமிஷமே ஆள் இல்லாட்டி தோல்வி, சிலதுல கொஞ்சம் நேரம் விடுவாங்க, போட்டி அறிவித்தல்ல போட்டிருக்கும், வாசிச்சு பாருங்க.

---

களுவாஞ்சி_அக்கா:

எல்லாருக்கும் கோடி நன்றி, தம்பியும் பக்கத்துல இருந்து வாசிச்சவன். கோட்டை கட்டுற ரூல் கேட்ட உடன ஆள் முழிக்கான், இவ்வளவு நாளும் யானையத்தான் முதல் தொட்டிருக்கான் போல. ஃபிலிடோர் அவனுக்கு தெரியுமாம். சம்மாந்துறை அண்ணா சொன்னதுக்கும் கோவம் இல்ல, அப்பாவும் அதத்தான் சொல்றார், கடன் படுற எண்டா போறல்ல எண்டு முடிவு.

இன்னும் ரெண்டு கேள்வி. தோத்துட்டு வந்தா நான் என்ன கதைக்கிற? எனக்கு கேமும் விளங்காது. மற்றது நான் ஹோலுக்குள்ள இருந்து பாக்கலாமா, என்ட போன என்ன செய்யுற?

---

வாவிக்கரை_குதிரை:

கேம் விளங்காத அக்காதான் அக்கா நல்லம். என்னோட வந்த மாமா கேம் தெரிஞ்ச ஆள், வெளிய வந்த உடன "அந்த குதிரைய ஏன் அங்க வச்ச" எண்டு தொடங்குவார், எனக்கு அடுத்த ரவுண்ட் மட்டும் அந்த குதிரைதான் மண்டைக்குள்ள ஓடும். நீங்க பசிக்குதா எண்டு மட்டும் கேளுங்க. அவன் கதைக்காட்டி கதைக்காம விடுங்க, ரயில்ல விட்ட மாதிரி. ரெண்டு ரவுண்டுக்கு இடையில கம்ப்யூட்டர்ல போட்டு எங்க பிழை எண்டு பாக்க விடவேணா, இன்ஜின் அவனுக்கு பத்து பிழை காட்டும், ஒண்டையும் இண்டைக்கு திருத்த ஏலா. இரவு ஒருக்கா பாக்கலாம், பத்து மணிக்கு முதல். அடுத்த ரவுண்ட் பெயரிங் (ஆரோட ஆர் எண்ட பட்டியல்) செஸ் ரிசல்ட்ஸ் வெப்சைட்ல பிந்தி வரும் சில நாள், அதுக்கு முழிச்சு இரிக்க வேணா, எதிராளி ஆரெண்டு காலைல பாத்தாலும் அதே ஆள்தான். டிரா வந்தா சந்தோசப்படுங்க, அரைப் புள்ளி எண்டு சிரிக்காதீங்க, அந்த இடத்துல ஒவ்வொரு அரையும் சண்டை பிடிச்சு எடுக்கிறது.

---

வெள்ளைக்_கட்டம்:

பெற்றோரையும் கூட வாற ஆக்களையும் முதல் கொஞ்ச நிமிஷம் படம் எடுக்க விட்டுட்டு வெளிய போகச் சொல்ற இடம்தான் கூட, வெளிய கதிரை இரிக்கும், புத்தகம் ஒண்டு கொண்டு போங்க. உள்ள விட்டாலும் தம்பிய பாத்து கண்ணால கூட கதைக்க வேணா, ஆபிட்டர் கண்டா உங்களத்தான் வெளிய போடுவார். போன ஓஃப் பண்ணிட்டுத்தான் உள்ள போகோணும், பாக்கிற ஆக்களும் ஹோலுக்குள்ள போன் பாவிக்க ஏலா. தம்பி போன் கொண்டே போக வேணா, அவன்ட உடம்புல போன் இரிக்கிறதா கண்டா ஓஃப்ல இருந்தாலும் கேம் தோல்விதான், பேக்ல போட்டு வைக்க விடுறதும் அந்தப் போட்டிய பொறுத்தது. தண்ணிப் போத்தல், பேனை ரெண்டு, ஜம்பர் ஒண்டு, ஏசி குளிர் நாலு மணித்தியாலத்துக்கு எங்கட பிள்ளைகளுக்கு தாங்காது. கையில ஸ்மார்ட் வாட்ச் கட்டி இருந்தா அதுவும் போன் மாதிரித்தான் கணக்கு, வாசல்லயே கழட்டி வாங்கிருங்க.